பெற்றோர் கட்டுப்பாடு (திறன்பேசி)

பெற்றோர் கட்டுப்பாடு என்பது, சிறுவரும் பதின்ம வயதினரும் ஒரு திறன்பேசியை எவ்வளவு நேரம், எந்தெந்தச் செயலிகளுடன், எத்தகைய உள்ளடக்கத்துக்காகப் பயன்படுத்தலாம் என்பதைப் பெற்றோர் வரையறுப்பதற்கு உதவும் மென்பொருள் அமைப்புகளின் தொகுப்பு ஆகும். இவை திறன்பேசியின் இயங்குதளத்திலேயே அமைந்திருக்கலாம். தனிச் செயலியாக நிறுவப்படலாம். அல்லது சமூக வலைத்தள நிறுவனங்களால் தத்தம் தளங்களுக்குள் வழங்கப்படலாம்.

தமிழ்நாட்டில் இப்பொருள் நீதிமன்றத்தின் கவனத்துக்கும் வந்துள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் இது குறித்த பொதுநல வழக்கொன்றை முடித்து வைத்தது. அக்கிளையின் ஆட்சி எல்லைக்குள் தென்காசி மாவட்டமும் அடங்கும். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் குடும்பச் சூழல், இக்கட்டுப்பாடுகள் எங்குப் பயன் தருகின்றன, எங்குப் பயனற்றுப் போகின்றன என்பதை விளங்கிக்கொள்ள உதவுகின்றது.

வரலாறு

பெற்றோர் கட்டுப்பாடு முதலில் தொலைக்காட்சிக்கென உருவானது. ஐக்கிய அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், வி-சில்லு எனப்படும் தடுப்புக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பொருத்தப் பணித்தது. 2000ஆம் ஆண்டு முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் திரை கொண்ட புதிய பெட்டிகளில் இது கட்டாயமானது. இந்தியாவில் நேரடி வீட்டுச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு 2003இல் தொடங்கியபின், அலைவரிசைகளைக் கடவு எண்ணால் பூட்டும் வசதி பரவலானது.

திறன்பேசிகளில் இவ்வசதி தாமதமாகவே வந்தது. கூகுள் நிறுவனம் 2017இல் ஃபேமிலி லிங்க் என்னும் செயலியை வெளியிட்டது. தொடக்கத்தில் 13 வயதுக்குட்பட்டோருக்கென இருந்த இது, 2018இல் பதின்ம வயதினருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2018 செப்டம்பரில் ஐஓஎஸ் 12 இயங்குதளத்துடன் ஸ்கிரீன் டைம் என்னும் வசதியை அறிமுகப்படுத்தியது.

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபின் கைப்பேசி இணையக் கட்டணம் பெருமளவு குறைந்தது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்புகள் திறன்பேசிக்கு இடம்பெயர்ந்தன. அதுவரை 'பிள்ளை கையில் கைப்பேசி வேண்டாம்' எனக் கூறிவந்த குடும்பங்கள், படிப்புக்காகவே அதனை வாங்கித் தர நேர்ந்தது. நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சு 2020 சூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல்கள், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட நான்கு அமர்வுகளுக்கு மேல் இணையவழி வகுப்பு கூடாது என வரையறுத்தன. ஆனால் வகுப்பு முடிந்தபின்னும் கைப்பேசி பிள்ளையின் கையிலேயே இருந்தது. பெற்றோர் கட்டுப்பாட்டின் தேவை இந்தியக் குடும்பங்களில் பரவலாக உணரப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

செயற்படும் முறை

பெரும்பாலான அமைப்புகளில் பெற்றோருக்கு ஒரு கணக்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கும் இருக்கும். இரண்டும் ஒரு குடும்பக் குழுவாக இணைக்கப்படுகின்றன. பெற்றோர் தம் கைப்பேசியில் இடும் விதிகள் இணையம் வழியாகப் பிள்ளையின் கைப்பேசியை அடைந்து, அங்குச் செயற்படுகின்றன. 13 வயதைக் கடந்தவர் ஏற்கெனவே வைத்திருக்கும் கூகுள் கணக்கில் இதனை ஏற்படுத்தும்போது அவருடைய ஒப்புதலும் பெறப்படுகின்றது.

பொதுவாகக் காணப்படும் வசதிகள் பின்வருமாறு:

* நாள் வரம்பு: ஒரு நாளில் கைப்பேசியைப் பயன்படுத்தக்கூடிய மொத்த நேரம். வரம்பு முடிந்ததும் திரை பூட்டிக்கொள்ளும். அழைப்புகளை ஏற்க இயலும்.
* ஓய்வு நேரம்: இரவு முதல் காலை வரை போன்ற குறிப்பிட்ட பொழுதில் கைப்பேசியைப் பூட்டுதல்.
* செயலி வரம்பு: ஒவ்வொரு செயலிக்கும் தனி நேரம். காட்டாக, இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிடம் என வரையறுத்து, பாடச் செயலிகளை வரம்பின்றி விடலாம்.
* நிறுவல் ஒப்புதல்: புதிய செயலியை நிறுவப் பிள்ளை முனையும்போது பெற்றோருக்குக் கோரிக்கை செல்லும்.
* உள்ளடக்க வடிகட்டல்: வயதுத் தரத்துக்கு ஏற்பச் செயலிகளையும் வலைத்தளங்களையும் தடுத்தல்.
* இருப்பிடம்: கைப்பேசி இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டுதல்.

இவ்வமைப்புகள் செயலியின் வாயிலில் மட்டுமே காவல் நிற்கின்றன. வாட்சப்பில் யாருடன் என்ன பேசப்படுகின்றது என்பதையோ, இன்ஸ்டாகிராமில் எந்தக் காணொளி பார்க்கப்படுகின்றது என்பதையோ ஃபேமிலி லிங்க் காட்டுவதில்லை. எவ்வளவு நேரம் எனும் வினாவுக்கு விடை கிடைக்கும். அந்நேரத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு விடை கிடைப்பதில்லை.

சமூக வலைத்தளங்களின் ஏற்பாடுகள்

வாயிலுக்கு உள்ளே நிகழ்வதைக் கட்டுப்படுத்தும் வசதிகளை வலைத்தள நிறுவனங்களே வழங்க வேண்டியுள்ளது. மெட்டா நிறுவனம் 2024 செப்டம்பரில் பதின்மர் கணக்கு என்னும் முறையை இன்ஸ்டாகிராமில் கொண்டுவந்தது. இந்தியாவில் இது 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இதன்படி பதின்ம வயதினரின் கணக்கு இயல்பாகவே தனிப்பட்டதாக இருக்கும். அறிமுகமற்றோர் செய்தி அனுப்ப இயலாது. 60 நிமிடப் பயன்பாட்டுக்குப்பின் வெளியேறுமாறு நினைவூட்டல் வரும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் நிறுத்தப்படும். 16 வயதுக்குட்பட்டோர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் இசைவு தேவை.

இவ்வேற்பாடு பெரிதும் கணக்குத் தொடங்கும்போது தரப்படும் பிறந்த நாளைப் பொறுத்ததாகும். பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்தவருக்கு இப்பாதுகாப்புகள் கிடைக்காமல் போகலாம். எனவே கணக்கில் உண்மையான பிறந்த நாள் உள்ளதா எனப் பார்ப்பது எந்த வரம்பையும் இடுவதற்கு முன் செய்யவேண்டியதாகும்.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தொடங்கப்பட்டது. குற்றாலம் இம்மாவட்டத்தின் புகழ்பெற்ற அருவித் தலமாகும். இவ்வட்டாரத்தின் பொருளாதாரத்தில் வேளாண்மை, பீடி சுற்றுதல், குற்றாலச் சாரல் பருவ வணிகம் ஆகியன முதன்மையானவை. கடையநல்லூர் உள்ளிட்ட ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், எல்லைக்கு அப்பாலுள்ள கேரளத்துக்கும் வேலைக்குச் செல்வோர் பலர்.

இச்சூழல், பெற்றோர் கட்டுப்பாட்டு மென்பொருட்கள் எடுத்துக்கொள்ளும் குடும்ப அமைப்புடன் முழுமையாகப் பொருந்துவதில்லை. பெற்றோருக்கு ஒரு கைப்பேசி, பிள்ளைக்கு ஒரு கைப்பேசி, கையாளத் தெரிந்த பெற்றோர் என்னும் மூன்றையும் அம்மென்பொருட்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன.

இந்திய ஊரகங்களில் நடத்தப்பட்ட அசர் 2024 ஆய்வறிக்கையின்படி, 14 முதல் 16 வயதினரில் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். ஆனால் அவ்வாறு தெரிந்தவர்களுள் சொந்தக் கைப்பேசி உடையோர் 14 வயதில் 27 விழுக்காட்டினரும் 16 வயதில் 37.8 விழுக்காட்டினருமே. ஏனையோர் வீட்டிலுள்ள பிறரின் கைப்பேசியையே பயன்படுத்துகின்றனர். அதாவது, பகலில் தாய் பீடிக் கடைக்கும் உறவினருக்கும் பேசுகின்ற அதே கைப்பேசியே மாலையில் மகனுக்குப் பாடக் கருவியாகவும் இன்ஸ்டாகிராமாகவும் ஆகின்றது. தாயின் கணக்கில் இயங்கும் அக்கைப்பேசியில் பிள்ளைக்கான வரம்பை இட்டால் அது தாயையும் தடுக்கும்.

பொதுக் கைப்பேசியைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு வேறு சில வழிகள் உள்ளன:

* ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் இரண்டாவது பயனரை உருவாக்கி, அதில் பாடத்துக்கு வேண்டிய செயலிகளை மட்டும் வைக்கலாம்.
* ஒரு செயலியைத் திரையில் பொருத்திக் கொடுத்தால், கடவு எண் இன்றி அதைவிட்டு வேறொன்றுக்குச் செல்ல இயலாது. இவ்வசதி 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5 முதல் உள்ளது.
* குறிப்பிட்ட செயலிகளைத் தனிக் கடவு எண்ணால் பூட்டும் வசதியைக் கைப்பேசி நிறுவனங்கள் பல வழங்குகின்றன.

மென்பொருளே இல்லாத கட்டுப்பாடும் உண்டு. நாள்தோறும் குறிப்பிட்ட அளவு தரவு தரும் கட்டணத் திட்டங்களில், அவ்வளவு தீர்ந்தபின் இணைய வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்; காணொளி ஓடாது. குறைந்த தரவுத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது தானே ஒரு வரம்பாகின்றது. மேலும், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டங்கள் 2025 சனவரியில் வந்தன. பிள்ளை தொடர்பில் இருக்கவேண்டும், இணையம் வேண்டாம் எனக் கருதும் குடும்பத்துக்கு இது பொருந்தும்.

தந்தை வெளிநாட்டில் பணிபுரியும் குடும்பங்களில் நிலை வேறு. விதிகள் இணையம் வழியே செல்வதால், துபாயிலிருக்கும் தந்தை தென்காசியிலுள்ள மகளின் கைப்பேசிக்கு நேர வரம்பு இடமுடியும். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் பாடக் காணொளிக்காகக் கூடுதல் நேரம் வேண்டுமெனில், கோரிக்கை தந்தையின் கைப்பேசிக்கே செல்கின்றது. அவர் பணியில் இருப்பின் விடை வராது. குடும்பக் குழுவில் தாயையும் பெற்றோர் நிலையில் சேர்த்துவிட்டால் இச்சிக்கல் தீரும்.

கட்டுப்பாட்டின் மறுபக்கமும் இவ்வட்டாரத்தில் தெளிவாகத் தெரிகின்றது. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் சோகோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்தி வருகின்றது. 2021இல் வெளிவந்து 2025இல் பெரும் வரவேற்பைப் பெற்ற 'அரட்டை' என்னும் செய்திச் செயலி இந்நிறுவனத்தினுடையதாகும். நிறுவனங்கள் தம் கைப்பேசிகளை மையமாக நின்று கட்டுப்படுத்துவதற்கான மென்பொருளையும் இந்நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு வழங்குகின்றது. ஆகவே இங்குள்ள மாணவருக்குக் கணினியும் இணையமும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. சொந்த ஊரிலேயே கிடைக்கக்கூடிய ஒரு வேலைக்கான வழியும் ஆகும். சாரல் பருவத்தில் அருவிகளில் குளிக்கத் தடை, மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை போன்ற அறிவிப்புகளும் சமூக வலைத்தளங்கள் வழியாகவே விரைந்து பரவுகின்றன. முழுத் தடை இவற்றையும் சேர்த்தே தடுத்துவிடும்.

மதுரைக் கிளையின் வழக்குகள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 சூலை 24 அன்று தொடங்கப்பட்டது. சிறாரின் இணையப் பயன்பாடு பற்றி இக்கிளை பலமுறை கவனம் செலுத்தியுள்ளது. 2017 செப்டம்பரில் நீலத் திமிங்கிலம் எனப்பட்ட இணைய விளையாட்டுக் குறித்துத் தானாக முன்வந்து விசாரணை மேற்கொண்டது. 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அத்தடை ஏப்ரல் 24 அன்று நீக்கப்பட்டது. பின்னர் 2020 சூன் 29 அன்று நடுவண் அரசு வேறு காரணங்களுக்காக டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தது.

பெற்றோர் கட்டுப்பாட்டுடன் நேரடித் தொடர்புடைய பொதுநல வழக்கு 2018இல் தொடரப்பட்டது. ஆபாச உள்ளடக்கம் சிறுவருக்கு எளிதில் கிடைப்பதைச் சுட்டிக்காட்டிய மனுதாரர், இணையச் சேவை நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியை வழங்கவும், அது குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தவும் ஆணையிடுமாறு கோரினார். நீதிபதிகள் ஜி. செயச்சந்திரன், கே. கே. இராமகிருட்டிணன் ஆகியோரைக் கொண்ட அமர்வு 2025 டிசம்பரில் இதனை முடித்து வைத்தது. ஆத்திரேலியாவைப் போல 16 வயதுக்குட்பட்டோரின் இணையப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றுவதை நடுவண் அரசு ஆராயலாம் என அமர்வு கருத்துரைத்தது. பயன்படுத்துவோர் நிலையிலும் கட்டுப்பாடு தேவை. கருவியில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி இருந்து, அதனைப் பெற்றோர் அறிந்திருந்தால்தான் அது கைகூடும் என்பதும் தீர்ப்பின் கருத்தாகும். அத்தகைய சட்டம் வரும்வரை குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்துமாறு கூறப்பட்டது.

சட்ட நிலை

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிறையாதவரைக் குழந்தை என வரையறுக்கின்றது. அவர்களின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெறவேண்டும். அவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும், அவர்களை இலக்காகக் கொண்டு விளம்பரம் செய்வதும் தடைசெய்யப்படுகின்றன. மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமென விதிகள் வகுத்துள்ளன.

இணையவழித் திரைப்படத் தளங்களைப் பொறுத்தவரை, 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கெனத் தரமிடப்பட்டவற்றுக்கும் அதற்கு மேற்பட்ட தரத்தினவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதியைக் கட்டாயமாக்கின.

பிற இடங்களில்

ஆத்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் முதன்மையான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் தண்டனை சிறுவருக்கோ பெற்றோருக்கோ இல்லை. தகுந்த நடவடிக்கை எடுக்காத நிறுவனங்களுக்கு 49.5 மில்லியன் ஆத்திரேலிய டாலர் வரை தண்டம் விதிக்கப்படும். சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் நாளுக்கு ஒரு மணி நேரமே இணைய விளையாட்டுகளில் ஈடுபட அனுமதிக்கப்படுகின்றனர்.

மகாராட்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்திலுள்ள மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூர் 2022இல் வேறொரு வழியைக் கையாண்டது. மாலை 7 மணிக்கு ஊர்ச் சங்கு ஒலித்ததும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒன்றரை மணி நேரம் அணைத்து வைப்பதென ஊரார் முடிவு செய்தனர். இங்குக் கட்டுப்பாடு பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெரியோருக்கும் பொதுவானதாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

குறைபாடுகள்

* ஒரு செயலியைத் தடுத்தாலும் அதே தளத்தை உலாவியில் திறக்க இயலும். உலாவிக்கும் விதி இடாவிட்டால் செயலித் தடை அரைகுறையாகும்.
* பிள்ளை இரண்டாவது கணக்கையோ நண்பரின் கைப்பேசியையோ பயன்படுத்தலாம்.
* பல வீடுகளில் பெற்றோரின் கைப்பேசியை அமைத்துத் தருபவரே பிள்ளைதான். மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கியவரும் கடவுச்சொல்லை அறிந்தவரும் அவரே. இந்நிலையில் பூட்டின் திறவுகோல் பூட்டப்படுபவரிடமே உள்ளது.
* அமைப்புப் பக்கங்களைத் தமிழில் காண இயலுமெனினும், அவற்றின் கலைச்சொற்கள் பலருக்கு அயலாகவே உள்ளன.

இவற்றுள் மூன்றாவது குறைபாடு தனிக் கவனத்துக்குரியது. அதனைத் தீர்க்கப் புதிய மென்பொருள் தேவையில்லை. பெற்றோரின் கணக்கும் கடவு எண்ணும் பெற்றோரிடமே இருந்தால் போதும். மேற்குறிப்பிட்ட தீர்ப்பு விழிப்புணர்வை வலியுறுத்தியதன் பொருத்தம் இங்கு விளங்குகின்றது.

கட்டுப்பாடும் தனியுரிமையும்

கட்டுப்பாட்டுக்கும் உளவு பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. பிள்ளைக்குத் தெரிந்து இடப்படும் வரம்பு கட்டுப்பாடு. அவருக்குத் தெரியாமல் செய்திகளைப் படிக்கும் மென்பொருளை நிறுவுவது உளவு. பின்னது வெளிப்படும்போது நம்பிக்கை குலைகின்றது. இணையத்தில் மிரட்டலுக்கு உள்ளான பிள்ளை அதனை வீட்டில் சொல்லவேண்டிய வேளையில் சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகலாம்.

சோனியா லிவிங்ஸ்டன் முதலியோர் எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெற்றோரிடையே நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, தடுக்கும் முறையையும் துணைநிற்கும் முறையையும் ஒப்பிட்டது. தடுக்கும் முறையில் இணைய இடர்கள் குறைந்தன. அதனுடன் கற்கும் வாய்ப்புகளும் குறைந்தன. உடனிருந்து பேசி வழிகாட்டும் முறையில் வாய்ப்புகள் மிகுந்தன. இடர்களும் ஓரளவு மிகுந்தன. எனவே இரண்டுள் ஒன்றே சிறந்தது என அறுதியிட்டுக் கூற இயலாது. வயது குறைந்த பிள்ளைக்குத் தடையும், வளர வளர வழிகாட்டலும் மிகுதல் பொருத்தமாகும்.

பிள்ளைகளும் தற்காப்பை ஓரளவு அறிந்துள்ளனர். அசர் 2024இன்படி, சமூக வலைத்தளங்களைப் பயன்படுத்தும் 14 முதல் 16 வயதினருள் 62 விழுக்காட்டினர் ஒரு கணக்கைத் தடுக்கவோ முறையிடவோ அறிந்திருந்தனர், 55.2 விழுக்காட்டினர் தம் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்ற அறிந்திருந்தனர். எஞ்சியோருக்கு இவற்றைக் கற்பிப்பது, எந்தப் பூட்டும் இல்லாத கைப்பேசியிலும் உடன்வரும் பாதுகாப்பாகும்.

உதவி பெறும் வழிகள்

உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றுள்ளது. சமூக வலைத்தளப் பயன்பாடு தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. எனினும் உறக்கம், உணவு, படிப்பு ஆகியன தொடர்ந்து கெடும்போது மருத்துவ ஆலோசனை தேவைப்படும். பெங்களூரிலுள்ள நிம்கான்சு மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கான தனிப் பிரிவு 2014 முதல் இயங்குகின்றது. மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்ற முறையீட்டுக்கு 1930 ஆகிய எண்களை அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* சமூக வலைத்தளம்
* தென்காசி மாவட்டம்
* குற்றாலம்
* சென்னை உயர் நீதிமன்றம், மதுரைக் கிளை
* எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023